வடாலா வரை ஒரே மூச்சு

முதல் மழை. லாஃப்டிலிருந்து மழைக்கோட்டுப் பையை இறக்கினேன். மேலே என்னுடையது. அதன் அடியில் உன் பச்சை விண்ட்சீட்டர்.

அண்ணன் கல்லூரிக்குப் போட்டுக்கொண்டு போனது. கிளிப்பச்சை. கல்யாணமாகி நெருளுக்குக் குடிபோனபோது அவன் விட்டுவிட்டுப் போனதை நீ எடுத்துக்கொண்டாய். காட்டன் புடவைக்கு மேல் அதை மாட்டி, ஜிப்பைக் கழுத்துவரை இழுத்து, தலைப்பை உள்ளே அடக்கிக்கொண்டு செம்பூர் ஸ்டேஷன் படியேறுவாய். பக்கத்தில் நடக்க எனக்குக் கூச்சமாக இருக்கும்.

முகர்ந்து பார்த்தேன். உன் பவுடர் இல்லை. அடுப்படி இல்லை. குளோரின். கொஞ்சம் பாப்கார்ன்.

உன் வாசனை இருக்கும் என்று நினைத்த இடத்தில் அவள் வாசனை.

அம்மா, நீ போய் இரண்டு மாதம் ஆகிறது. அழுகை நிற்க ஆரம்பித்துவிட்டது. பொறாமை நிற்கவில்லை.

*

அண்ணன் மகளின் பிறந்தநாள் அன்று முதல் தடவை போனோம். வாஷியில் ஒரு மாலின் அடித்தளத்தில் மீன் காட்சியகம். கண்ணாடிச் சுரங்கம், சுறா, நட்சத்திர மீன், கடைசியில் ஒரு பெரிய தொட்டி. அதில் நிஜக் கடல்கன்னி என்று போஸ்டர். குழந்தைகளை முன்னால் உட்காரவைக்க இரண்டு வரிசை பெஞ்சு.

முன் பெஞ்சு நிறைந்திருந்தது. நீ இடது ஓரத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணிடம் குனிந்து கேட்டாய்.

"கிதர் உத்ரேகி?"

எங்கே இறங்குவாய் என்று. லோக்கல் ரயிலின் லேடீஸ் டப்பாவில் வருஷக்கணக்காகக் கேட்ட கேள்வி. உட்கார்ந்திருப்பவள் குர்லா என்றால் குர்லாவரை நின்று, அவள் எழுந்ததும் அந்த இடம் உன்னுடையது. வேறு யாரும் வாய் திறக்க முடியாது. ரிடையர் ஆன பிறகும் உன் வாயில் அது அப்படியே இருந்தது.

அந்தப் பெண் உன்னையும் விண்ட்சீட்டரையும் பார்த்தாள். "ஆன்ட்டி, யே டிரெயின் நஹி ஹை." இது ரயில் இல்லையாம்.

அண்ணன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். நான் செல்போனை எடுத்தேன். அந்தப் பெண் சிரித்துவிட்டு நகர்ந்து பாதி இடம் கொடுத்தாள். நீ அதில் பெருமையாக உட்கார்ந்தாய்.

மைக்கில் ஒருவன் இந்தியில் சொன்னான். ஏழு கடல் தாண்டி வந்த இளவரசி ஓஷானா. வெளிச்சம் அணைந்தது. மேலிருந்து அவள் விழுந்தாள். விழுந்தாள் என்பதுகூடச் சரியில்லை. தண்ணீர் அவளை உள்ளே வாங்கிக்கொண்டது.

அண்ணன் மகள், காலைக் காணோம் என்று கத்தி அழுதாள். அவளைத் தூக்கிக்கொண்டு அண்ணி வெளியே ஓடினாள். அண்ணன் பின்னாலேயே போனான். நான் உன்னைக் கூப்பிடத் திரும்பினேன்.

உன் முகத்தில் நீல வெளிச்சம். வாய் இறுக மூடியிருந்தது. கன்னம் உப்பியிருந்தது. கண் அவளோடு போனது, அவளோடு திரும்பியது. அவள் பாறைக்குப் பின்னால் ஒளித்துவைத்திருந்த குழாயில் காற்று வாங்கப் போவதற்கு வெகு முன்பே நீ தோற்றுப்போய், ஹப்பா என்று மூச்சை விட்டாய்.

"நானும் கூடப் பிடிச்சிண்டேன்டீ. முடியலை."

அந்த முகத்தை நான் முன்னால் பார்த்ததில்லை. பள்ளிக்கூடத்தில் நான் பரிசு வாங்கியபோது நீ வந்திருந்தாய். குடையை மடியில் வைத்துக்கொண்டு, கடைசி டிரெயினுக்குக் கிளம்ப வேண்டியவள்போல உட்கார்ந்திருந்தாய். கைதட்டினாய். எல்லோருக்கும் தட்டியதுபோல எனக்கும்.

*

காட்சி முடிந்ததும் அவளைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்து ஒரு பஞ்சுப் பாறைமேல் உட்காரவைப்பார்கள். குழந்தைகள் வரிசையில் நின்று படம் எடுத்துக்கொள்ளலாம். குழந்தை இல்லாமல் நீ வரிசையில் நின்றாய். உன் முறை வந்தபோது அவள் கேமராவுக்குச் சிரித்துக்கொண்டே, உதடு அசையாமல் முணுமுணுத்தாள்.

"சவம், இந்த வாலு என்னமா கடிக்கி."

ஏழு கடல் தாண்டி வந்த இளவரசி தாராவி லேபர் கேம்ப்காரி. பெயர் இசக்கி. நீ சிரித்த சிரிப்பில் ஃபோட்டோ எடுப்பவன் கேமராவைக் கீழே இறக்கினான்.

"நீங்க தமிழா?" என்றாள் அவள், முகம் வெளுத்து. "யார்ட்டயும் சொல்லிராதிய. வெளிநாடுன்னு சொல்லி வச்சிருக்காவ."

"சொல்லமாட்டேன். கண்ணு எரியாதோடி உனக்கு?"

முதல் கேள்வி அது. ஒரு அந்நியப் பெண்ணிடம், 'டி' போட்டு. என்னிடம் நீ அப்படி ஒரு கேள்வி கேட்டு நாளாகியிருந்தது. கலினாவில் முதுகலை படித்துக்கொண்டிருந்தேன். "என்ன படிக்கறே" என்று கேட்பாய். சொல்வேன். "சரி" என்பாய். அவ்வளவுதான் நம் இருவருக்கும் நடுவில் போன போக்குவரத்து.

*

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் நெருளுக்குப் போகிறேன் என்று கிளம்ப ஆரம்பித்தாய். பேத்தியைப் பார்க்க. கோவிலுக்கு. நான் கதவைச் சாத்திக்கொண்டு படித்தேன். நல்லது என்றுகூட நினைத்தேன்.

ஒரு ஞாயிறு அண்ணன் ஃபோனில் சொன்னான். "அம்மா இங்க வந்து ரெண்டு மாசமாறதே. ஏன், உடம்பு சரியில்லையா?"

நீ வந்ததும் கேட்டேன். நீ விண்ட்சீட்டரைக் கொடியில் போட்டுக்கொண்டே சொன்னாய்.

"வாஷியிலே எறங்கிடறேன்."

"எதுக்கு?"

"அவ நீந்தறாளே."

ஒரு ஆணைச் சொல்லியிருந்தால்கூட எனக்குப் புரிந்திருக்கும் அம்மா. அப்பா போய் இத்தனை வருஷம். சண்டை போட்டிருப்பேன், பிறகு பழகியிருப்பேன். என்னைவிட இரண்டு வயது சின்னவள் என்பதுதான் தாங்கவில்லை.

அடுத்த வாரம் நானும் வந்தேன். நீ கூப்பிடவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. மான்குர்த் தாண்டி ரயில் கழிமுகப் பாலத்தில் ஏறியதும் ஜன்னல் பக்கம் சாய்ந்து தண்ணீரைப் பார்த்தாய். ஜுஹுவில் கணுக்காலுக்கு மேல் நனைந்ததில்லை நீ. புடவை நனையும். வீட்டில் என்ன சொல்வார்கள். பிறகு, சொல்ல வீட்டில் யாரும் இல்லாதபோது, முழங்கால் வலி.

காட்சியகத்தில் டிக்கெட் கிழிப்பவன் உனக்கு வணக்கம் வைத்தான். முன் பெஞ்சு இடது ஓரம் காலியாக இருந்தது. உனக்காக. நான் பின் வரிசையில் உட்கார்ந்தேன்.

அவள் நீச்சல் கண்ணாடி போடாமல் நீந்துகிறாள். தண்ணீருக்குள் அவளுக்கு யார் முகமும் தெரியாது. எல்லாம் கலங்கிய வர்ணம். ஆனாலும் இறங்கியவுடன் நேராக இடது ஓரம் வந்து, தொட்டிக் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தாள். கிளிப்பச்சை. அது அவளுக்குப் போதும். நீயும் வெளியிலிருந்து கையை வைத்தாய். பின்னாலிருந்து பார்க்க, இரண்டு கையும் ஒரே கை.

காட்சியும் படம் எடுப்பதும் முடிந்து, வாலைக் கழற்றிவிட்டு, அவள் பக்கவாட்டுக் கதவு வழியாகத் துண்டைச் சுற்றிக்கொண்டு ஓடிவந்தாள். தலையிலிருந்து சொட்டியது.

"எங்க எறங்குனிய மாமி?"

"வடாலா."

"நெசமாவா? ஏமாத்தாதிய."

"சத்தியமா. மோதிரம் விட்டியோன்னோ, அது வரைக்கும்."

"அடேங்கப்பா. நாலு மாசத்துல வடாலா." என்னைப் பார்த்தாள். "இது ஆரு?"

"எம் பொண்ணு."

"ஓ, படிக்கிற அக்காவா. சொல்லிருக்காவ, சொல்லிருக்காவ. கதவ சாத்திட்டு படிப்பாவன்னு."

நான் சிரித்தேன். சிரிக்க வேண்டிய இடம் என்று தெரிந்தது. நீ பையைத் திறந்து ஒரு சின்ன பாட்டிலை எடுத்தாய். கருவேப்பிலை போட்டுக் காய்ச்சிய எண்ணெய். குளோரினில் அவள் முடி நுனி வெளுத்து நார்போல ஆகியிருந்தது. அவள் தலையைக் குனிந்தாள். நீ அங்கேயே, பாப்கார்ன் கடைக்குப் பக்கத்தில், நுனியில் தடவிவிட்டாய். வேலைக்கு நடுவே ஐந்து நிமிஷம் கிடைத்தவர்கள் செய்வதுபோல, இருவரும் அவசரமாக, பழக்கமாக.

என் தலைக்கு நீ எண்ணெய் கொண்டுவந்தால் நான் நகர்ந்துகொள்வேன். அது எனக்கு நினைவிருந்தது. இருந்தும் எரிந்தது.

*

திரும்பும் ரயிலில்தான் விளக்கினாய். அவள் ஆட்டத்தை நீ ஸ்டேஷன்களாகப் பிரித்து வைத்திருந்தாய். உன் ஆபீஸ் பாதை. அவள் குதிப்பது செம்பூர். வலது பக்கக் குழந்தைகளுக்குக் கையாட்டுவது திலக் நகர். சிப்பியைத் திறப்பது குர்லா. பவழ வளைவுக்குள் நுழைந்து வருவது சுனாபட்டி. தலைகீழாகச் சுற்றுவது ஜி.டி.பி. நகர். வாயால் காற்று மோதிரம் விடுவது வடாலா. அப்படியே போய், பாறைக்குப் பின்னால் குழாய் இருக்கும் இடம் கடைசி ஸ்டேஷன் வி.டி.

"நேரம் எண்ணினா பயமா இருக்குடீ. எப்போ முடியும்னு தோணிடறது. ஸ்டேஷன்னா அடுத்தது வந்துடும்னு தெரியும்."

"வி.டி. வரைக்கும் போயிருக்கியா?"

"அவ போவா. நான் எங்கே." பிறகு, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "அவா ஆத்திலே ஒருத்தரும் வந்து பாத்ததில்லையாம். மால்லே துணிக்கடையிலே வேலைன்னு சொல்லி வெச்சிருக்கா. அவ அம்மாக்குத் தெரிஞ்சா வாலை வெட்டிடுவாளாம்."

சொல்லிவிட்டு நீயே சிரித்தாய். உன் குரலில் அவள் ஊர்ப் பேச்சின் இழுப்பு ஒட்டியிருந்தது.

வளர்ப்பு மகள் என்றால் ஊருக்குத் தெரியும். இதற்குப் பெயர் இல்லை. பெயர் இல்லாத உறவை எதிர்த்து எப்படிச் சண்டை போடுவது.

*

குளிர்காலத்தில் ஒரு நாள் என் அறைக் கதவைத் தட்டினாய். தட்டிவிட்டு நின்றாய். நீ தட்டுபவள் அல்ல, திறந்துகொண்டு வருபவள்.

"டாக்டர்ட்டே போயிட்டு வந்தேன். நுரையீரலைச் சுத்தி ஜலம் கோத்துண்டிருக்காம். ஏன்னு பாக்கணுமாம்."

"யாருக்கெல்லாம் தெரியும்?"

"உனக்குத்தான் சொல்றேன்."

அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன் அம்மா. கேவலம்தான். உன் நோய் என்னிடம் முதலில் வந்தது. அண்ணனுக்கு முன்னால். அவளுக்கு முன்னால். ஆஸ்பத்திரியில் ஊசிபோட்டு நீரை எடுத்தபோது டாக்டரிடம் சொன்னாய், "நான் தண்ணியிலே எறங்கினதே இல்லையே டாக்டர்." அவர் சிரிக்கவில்லை. நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பும் எனக்கு மட்டும் கொடுத்தது என்று எடுத்து வைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு சீக்கிரம் முடிந்துவிட்டது.

காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒரு ஞாயிறு, உன் ஃபோன் அடித்தது. திரையில் 'இசக்கி கடல்'. அப்படித்தான் சேமித்திருந்தாய். நான் 'பாப்பா'. அண்ணன் 'நெருள்'.

அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. பார்த்துக்கொண்டிருந்தேன். எடுத்தால் அவள் அழுவாள். எனக்கு முன்னால் அழுவாள், என்னைவிட நன்றாக. உன் சாவையாவது நான் யாரோடும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டாம் என்று தோன்றியது. சார்ஜ் தீர்ந்து ஃபோன் அணைந்தது. அப்படியே விட்டேன்.

*

இன்று என் மழைக்கோட்டின் ஜிப் ஏறவில்லை. உன்னுடையதைப் போட்டுக்கொண்டேன். நெருளுக்குத்தான் கிளம்பினேன். வாஷியில் இறங்கினேன்.

ஏன் இறங்கினேன் என்று தெரியாது என எழுதினால் பொய். நீ இல்லாமல் அவள் எப்படி நீந்துகிறாள் என்று பார்க்க இறங்கினேன். சரியாக நீந்தக் கூடாது என்று ஆசைப்பட்டுக்கொண்டே இறங்கினேன்.

டிக்கெட் கிழிப்பவன் விண்ட்சீட்டரைப் பார்த்து வணக்கத்துக்குக் கை தூக்கி, என் முகத்தைப் பார்த்து, கையைப் பாதியில் நிறுத்தினான். இடது ஓரத்தில் வேறு யாரோ. நான் பக்கத்தில் நின்றுகொண்டேன்.

அவள் இறங்கினாள். நன்றாகத்தான் நீந்தினாள். முன்னைவிட நன்றாக. வலப்பக்கம் திரும்பும்போது பச்சை அவள் கண்ணில் பட்டிருக்க வேண்டும். கையாட்டுவதை விட்டுவிட்டாள். குழந்தைகளை விட்டுவிட்டு, வாலை ஒரே வீச்சில் திருப்பிக்கொண்டு, நேராக என்னிடம் வந்தாள். கண் சிவந்து, எதையும் பார்க்காமல் விரிந்திருந்தது. உள்ளங்கையைக் கண்ணாடியில் வைத்தாள். சிரித்தாள். வாயிலிருந்து காற்று தப்பிக் குமிழியாக மேலே போனது. மூச்சை அப்படி வீணாக்கக் கூடாது. வீணாக்கினாள்.

அந்தச் சிரிப்பு உனக்கு.

அப்போதுதான் புரிந்தது. இந்த நகரத்தில் ஒரே ஒரு இடத்தில் நீ இன்னும் சாகவில்லை. அந்த இடமும் அவளிடம் இருக்கிறது. என் வீட்டில் நீ இல்லை. அண்ணன் வீட்டில் இல்லை. அவளுடைய கலங்கிய கண்ணில், பச்சையாக, மழையில் நனைந்து, தாமதமாக வந்து நிற்கிறாய்.

அவள் கையை எடுக்கவில்லை. நானும் என் கையை வைத்தேன்.

வெளியே போய்விட்டிருக்கலாம். நீ வந்தாய், அவசரமாகக் கிளம்பிவிட்டாய் என்று நினைத்திருப்பாள். இன்னும் சில வாரம் உன்னை உயிரோடு வைத்திருப்பாள். நான் நகரவில்லை. அவளுக்கு இரக்கப்பட்டு அல்ல. எனக்கு இல்லாத அம்மா அவளுக்கு மட்டும் எதற்கு என்றுதான் நின்றேன்.

பக்கக் கதவு திறந்தது. துண்டு, ஈரம், ஓட்டம்.

"மாமி, இத்தன நாளா எங்க போனிய, ஃபோனும் ஆஃப்பு, நான் என்னன்னு..."

நின்றாள். என் முகம். அப்புறம் விண்ட்சீட்டர். அப்புறம் மறுபடி முகம்.

தயாராக வைத்திருந்த வாக்கியம் ஒன்று இருந்தது. தேவைப்படவில்லை.

பஞ்சுப் பாறையின் ஓரத்தில் உட்கார்ந்தாள். துண்டின் நுனியை முறுக்கினாள்.

"எந்த ஆஸ்பத்திரி?"

சொன்னேன்.

"நாந்தான் போவச் சொன்னேன்." தலையைத் தூக்கவில்லை. "வடாலா வரைக்கும் வந்தவ்வொ, தீவாளிக்கப்புறம் சுனாபட்டில எறங்குனாவ. அடுத்த வாரம் குர்லா. அப்புறம் குதிச்ச ஒடனே விட்டுட்டாவ. என்ன மாமி, செம்பூர்லயே நிக்கிய, மூச்சு எங்க போவுதுன்னு கேட்டேன். வயசாச்சுடின்னாவ. வயசு ஒரு மாசத்துல வராது மாமி, டாக்டர்ட்ட போங்கன்னு கத்துனேன். ரெண்டு வாரம் எங்கூட பேசல."

"டாக்டர் சொன்னப்புறம்?"

"அங்கேர்ந்து நேரா இங்கதான் வந்தாவ. படிக்கிறவட்ட எப்டிச் சொல்றதுன்னு தெரியல, பயந்துக்குவான்னு. நாந்தான் சொன்னேன், மொதல்ல கதவத் தட்டுங்க, பொறவு சொல்லுங்கன்னு."

உனக்குத்தான் சொல்றேன் என்றாய். பொய் இல்லை. முதலில் என்று நீ சொல்லவில்லை. நானே சேர்த்துக்கொண்டேன்.

அந்தத் தட்டலும் அவளுடையது.

அவள் அழுதாள். நான் பயந்ததுபோல என்னைவிட நன்றாக இல்லை. அசிங்கமாக, மூக்கைத் துண்டில் துடைத்துக்கொண்டு. ஒரு குழந்தை படம் எடுக்க வந்து, கடல்கன்னிக்குக் கால் இருப்பதைப் பார்த்து அம்மாவிடம் ஓடியது.

உள்ளேயிருந்து யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"அடுத்த ஷோ இருக்கு. எங்க வீட்டுலேர்ந்து இன்னும் ஒருத்தரும் வரல அக்கா." துண்டை இழுத்துக் கட்டினாள். "இருக்கியளா?"

இடது ஓரத்தில் ஒரு குஜராத்திக்காரப் பெண், மடியில் பை. நான் குனிந்தேன். என் வாயிலிருந்து வந்தது.

"கிதர் உத்ரேகி?"

அவள் ஆச்சரியப்படவில்லை. தினமும் ரயிலில் போகிறவள் போலிருக்கிறது. பையனைக் கூட்டிக்கொண்டு சுறா பார்க்கக் கிளம்பிக்கொண்டிருந்தாள். "பஸ், அபி," இதோ இப்போதே என்று எழுந்து, யாரும் உட்காராமலிருக்கக் கையைப் பெஞ்சில் ஊன்றியபடி எனக்கு இடம் மாற்றிக் கொடுத்தாள்.

உட்கார்ந்தேன். மரம் அந்த இடத்தில் கொஞ்சம் வழவழப்பாக இருந்தது. உன்னால் என்று நினைத்துக்கொண்டேன்.

வெளிச்சம் அணைந்தது. இசக்கி குதித்தாள். வாயை இறுக மூடினேன்.

செம்பூர்.

உள்ளே உடனே இரைச்சல். காதில் என் இதயம். உனக்கும் இது கேட்டிருக்கும். வலப்பக்கம் கையாட்டினாள். திலக் நகர். இவ்வளவு நெருக்கமாக நான் எதையும் பார்த்ததில்லை என்று தோன்றியது. பார்ப்பதைத் தவிர வேறெதையும் செய்ய முடியாது, மூச்சுகூட விட முடியாது என்றால், முகம் தானாகவே அப்படித்தான் ஆகும்போலிருக்கிறது. நீ அவளுக்கென்று ஒரு முகம் வைத்திருக்கவில்லை. இது மூச்சைப் பிடிப்பவளின் முகம். இப்போது எனக்கும் இருக்கும். பார்க்க நீ இல்லை.

சிப்பியைத் திறந்தாள். மார்பு வெடித்தது. விட்டுவிட்டேன்.

அவள் போய்க்கொண்டே இருந்தாள். வளைவு, சுற்று, மோதிரம், பாறை.

பிறகு கதவு, துண்டு. அவள் கண் இன்னும் சிவப்பு. குளோரினோ வேறோ.

"எங்க எறங்குனிய?"

"குர்லா."

முடியைப் பிழிந்தாள். யோசித்தாள்.

"மாமி மொத நாளு திலக் நகர்தான்."

அம்மா, விண்ட்சீட்டரைப் போட்டுக்கொண்டே வீட்டில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். இன்னும் நனைந்திருக்கிறது. துவைக்கப்போவதில்லை. முதல் நாளில் நான் உன்னை ஒரு ஸ்டேஷன் முந்தியிருக்கிறேன். அது என்னுடையது, அவள் சாட்சி. ஆனால் குர்லாவுக்கு அப்பால் சுனாபட்டி இருக்கிறது, ஜி.டி.பி. நகர் இருக்கிறது, வடாலா இருக்கிறது. அங்கெல்லாம் நீயும் அவளும் மட்டும் போயிருக்கிறீர்கள். அங்கே என்ன தெரிந்தது என்று அவளிடம் கேட்கமாட்டேன்.

அடுத்த ஞாயிறு, சுனாபட்டி.